சூசைவிளையில் முடியாத பெனால்டி

தென்மாவட்டக் கல்லூரிகளுக்கான கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நின்றிருந்தபோது, கடைசி நிமிடத்தில் சூசைவிளைக் கல்லூரிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதை இரண்டாமாண்டு வணிகவியல் படித்த ததேயு அடித்தான். அடித்த பந்து நாலடி போனதும் வேகம் இழந்து, ஆனால் விழாமல், ஓர் ஆளின் இடுப்பு உயரத்தில் சுழன்றபடியே அந்தரத்தில் நின்றுகொண்டது.

முதலில் எல்லாரும் காற்று என்று நினைத்தார்கள். சூசைவிளை மைதானத்துக்கும் கடலுக்கும் நடுவே சிலுவை நட்ட ஒரு குருசடியும் சில தென்னைகளும் மட்டுமே இருந்தன, மேலே அடித்த பந்து அடித்தவன் தலைக்கே திரும்பி வருவதை அந்த ஊர்க்காரர்கள் சிறு வயதிலிருந்தே பார்த்திருந்தார்கள். ஆனால் காற்று அடங்கியது, வெயில் தணிந்தது, செங்குளம் கல்லூரிப் பையன்கள் வந்த வேனின் ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார், பந்து மட்டும் அங்கேயே சுழன்றது. செங்குளத்தின் கோல்கீப்பர் மாசானமுத்து பொறுமை இழந்து, முன்னால் நடந்துபோய் அதை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான். கையுறைகள் கிழிந்தன, உள்ளங்கைத் தோல் உரிந்தது, பந்து மயிரிழைகூட அசையவில்லை. ததேயு அடித்த அடி முழுவதும் அதற்குள் இருந்தது. வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

பெனால்டி அடித்து முடியும்வரை ஆட்ட நேரம் நீளும் என்பது விதி. பந்து அசைவற்று நிற்க வேண்டும், அல்லது கோட்டைத் தாண்ட வேண்டும், அல்லது கீப்பர் கையில் அடங்க வேண்டும். அதுவரை அந்த அடி முடிந்ததாகக் கணக்கில்லை. பந்து நிற்கவில்லை, சுழல்கிறது. போதாததற்கு, கடிகாரத்தின் சின்ன முள்ளைப் போல, பார்க்கும்போது நகராமல் பார்க்காதபோது நகர்ந்தும் இருக்கிறது. ஆகவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது என்று நடுவர் அறிவித்தார். வெளியாளோ வெளிப்பொருளோ பந்தைத் தொட்டால் பெனால்டியைத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும், ஜாக்கிரதை என்றும் சொல்லிவிட்டு, ரயில்வேயில் மறுநாள் காலை அவருக்கு வேலை இருந்ததால், பஸ் பிடிக்கப் போனார்.

எல்லாரும் போன பிறகும் போகாமல் நின்றவர் சூசைவிளைக் கல்லூரியின் கோச் லிகோரி. அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்லூரி அவரை எடுத்தது தற்காலிகமாக, அந்த ஒரு போட்டிக்கு மட்டும். கோப்பை வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் போட்டி முடிகிற அன்றே கணக்கு முடிந்தது என்று நிர்வாகம் வாயாலும் சொல்லி, உத்தரவிலும் எழுதியிருந்தது. ஆட்டம் சமனில் முடிந்தால் முந்தைய ஆண்டு ஜெயித்தவர்களே கோப்பையை வைத்துக்கொள்வது அந்தப் போட்டியின் வழக்கம். முந்தைய ஆண்டு ஜெயித்தது செங்குளம். பந்து வலைக்குள் போனால் லிகோரிக்கு வாழ்க்கை, போகாவிட்டால் மறுநாள் முதல் அண்ணனின் வள்ளத்தில் துடுப்பு. பந்தோ போகவும் இல்லை, போகாமலும் இல்லை. போட்டி முடியவில்லை என்பதால் அவரை அனுப்பவும் வழியில்லை, கோப்பை வரவில்லை என்பதால் நிரந்தரமாக்கவும் வழியில்லை என்று நிர்வாகம் முடிவு செய்தது. அந்த முடிவில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன, முடி நரைத்தது.

ஊர் பழகிக்கொண்டது. பங்குச் சாமியார் வந்து, மந்திரித்த தண்ணீரைத் தெளித்தால் அது வெளிப்பொருள் ஆகிவிடுமோ என்று யோசித்து, கையை மட்டும் உயர்த்தி ஆசீர்வதித்துப் போனார். மழைக்கு ஓலைப் பந்தல் போட்டார்கள், ஓலை விழுந்து தொட்டுவிடும் என்று செங்குளத்தார் ஆட்சேபித்ததும் பிரித்தார்கள். பந்தின் மேல் உட்காரப் பார்த்த காக்கை ஒன்று கிறுகிறுவென்று சுற்றித் தென்னைமரத்தில் போய் மோதியது. அது தொட்டதா தொடவில்லையா என்று இரண்டு கல்லூரிக்கும் தகராறு முற்றி நடுவருக்கு ஆள் போனது. பறவைகள் காற்று மழையோடு சேர்த்தி என்று அவர் சொல்லி அனுப்பினார். புது வள்ளம் இறக்குகிறவர்கள் முதலில் குருசடிக்கும் பிறகு பந்துக்கும் வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களைக் கூட்டிவந்து காட்டினார்கள். நாலு வருஷத்துக்கு முன்னே நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் பந்து கொடிக்கம்பத்துக்கு நேரே இருந்தப்போ என்று சொன்னார்கள். அடித்த ததேயு படிப்பை முடித்து ஆழ்கடல் விசைப்படகில் போய்விட்டான்; கரைக்கு வரும்போதெல்லாம் மீனைப் பிரிக்கும் முன்பே, அது போயிட்டா, நிக்கா என்று கேட்பான்; நிக்கி என்பார்கள்; அவன் ஐஸ் பெட்டியைத் திறப்பான்.

ஆனால் மைதானத்தில் நின்று பார்த்தவர்கள் யாரும் அதிக நேரம் அங்கே சிரித்துப் பேசியதில்லை. பந்துக்குப் பக்கத்தில் போனால் ஒரு முனகல் கேட்கும், மூடிய வாய்க்குள் யாரோ ஒரே மூச்சில் முனகுவது போல. உள்ளே அடங்கியிருக்கும் வேகம் எந்தக் கணமும் வெளியே வரலாம் என்பது அந்தச் சத்தத்தைக் கேட்ட எவருக்கும் விளங்கும். அதனால்தான் மாசானமுத்து போக முடியவில்லை. கோலை விட்டு அவன் நகர்ந்த நிமிடத்தில் பந்து கிளம்பினால் கோப்பை போய்விடும் என்று செங்குளம் கல்லூரி அவனைச் சூசைவிளையிலேயே நிறுத்தியது. சும்மா நிறுத்துவது நியாயமில்லை என்று அவனை அலுவலக உதவியாளராக நியமித்து, வெளிப்பணி என்று பதிவு செய்து, ஓராண்டிலேயே நிரந்தரமும் ஆக்கியது. லிகோரிக்கு இது தெரிந்த அன்று அவர் மனைவி பிரகாசி, எதிராளி டீமுக்குக் கோச்சாகப் போயிருக்கலாமே என்று கேட்டாள். 

மாசானமுத்து கம்பத்துக்குப் பக்கத்தில் ஒதுங்க ஓர் ஓலைச் சாய்ப்பு போட்டுக்கொண்டான். செங்குளத்திலிருந்து அவனுக்குப் பதிலாக ஒரு மாற்று கீப்பர் மாதத்துக்குச் சில நாள் வருவான், அந்த நாளில்தான் அவன் ஊருக்குப் போவான். மற்ற நாளெல்லாம் காலையில் எழுந்து பல் விளக்குவதும் பந்தைப் பார்த்துக்கொண்டுதான். முதல் வருஷம் அவனும் லிகோரியும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாம் வருஷம் அவன் தொந்தி வைத்ததை லிகோரி பார்த்தார். ஒரு கீப்பர், அவன் யார் கீப்பராக இருந்தால் என்ன, தன் கண் முன்னால் கெட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. பையன்களோடு நீயும் ஓடு என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து சூசைவிளை அணிக்குப் பயிற்சி கொடுத்த எல்லாக் காலையிலும், செங்குளத்தின் கீப்பருக்கும் அவரே பயிற்சி கொடுத்தார்: விழும்போது தோளில் விழு, கையை முன்னால் அனுப்பு, பந்தைப் பார், அடிக்கிறவன் முகத்தைப் பார்க்காதே. ஊரில் சிலர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். தன் தலையில் விழப்போகிற கல்லுக்குத் தானே எண்ணெய் போட்டுக் குளிப்பாட்டுகிறான் என்று மீன்சந்தையில் கேலி பேசினார்கள். லிகோரி வீட்டுக் கஞ்சியும் கருவாட்டுத் துவையலும் மதியம் சாய்ப்புக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஒன்றை மட்டும் அவர் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. லிகோரி தன் பையன்களுக்குப் பெனால்டி கற்றுக்கொடுத்தது மைதானத்தில் அல்ல, கடலோரத்து ஈரமணலில், காற்று பாதி இறங்கிய பந்தை வைத்து. கனத்த மணலில் கனத்த பந்தை வெறுங்காலால் ஒரு மாதிரி சீவி அடிக்கப் பழகினால், நல்ல பந்தை அடிக்கும்போது அது போகிற போக்கில் போய், கோலுக்கு ஒரு கை தூரத்தில் சட்டென்று திரும்பும். எந்தப் பக்கம் திரும்பும், மேலா கீழா என்பது சொல்லிக்கொடுத்தவருக்கும் அடித்தவனுக்கும் மட்டுமே தெரியும். பார்க்கிற எல்லாருக்கும் பந்து மாசானமுத்துவின் இடது மேல்மூலைக்குப் போவதாகத்தான் தெரிந்தது. கணிதப் பேராசிரியர் ஒருவர் நூல் பிடித்து அளந்து அதையே உறுதி செய்தார். மாசானமுத்துவும் வருஷக்கணக்காக இடது மேல்மூலைக்கே தாவிப் பழகினான். லிகோரி அருகில் நின்று அவன் தாவலைத் திருத்தினார், திசையைத் திருத்தவில்லை. அவனும் கேட்கவில்லை. இது கேட்கக்கூடாத கேள்வி என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது, கஞ்சிப் பாத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு அவர்கள் மீன் விலை பேசினார்கள்.

காலம் போயிற்று. லிகோரியின் பையன்கள் போலீஸ் அணிக்கும் துறைமுக அணிக்கும் வங்கி அணிக்கும் போனார்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து நிரந்தரமானார்கள், பதவி உயர்வு பெற்றார்கள், பிள்ளைகளைக் கூட்டிவந்து கோச்சுக்கு வணக்கம் சொல்லச் செய்தார்கள். கோச் தற்காலிகமாகவே இருந்தார். நடுவர் ஓய்வு பெற்று மூட்டுவலி வந்து, இனி தன்னால் வர முடியாது என்றும், பந்து எப்படி முடிந்தாலும் கோச்சும் கீப்பரும் ஒரே சொல் சொன்னால் அதுவே தன் முடிவு என்றும் இரண்டு கல்லூரிக்கும் தெரிவித்தார். பந்து கோல்கோட்டுக்கு வெகு அருகில், ஒரு ஆள் படுத்தால் கொள்ளும் தூரத்துக்கு வந்தபோது லிகோரிக்கு ஐம்பத்தேழு முடிந்து ஐம்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு நிரம்பினால் கல்லூரி எவரையும் வைத்துக்கொள்ளாது. நிரந்தரமாகாமல் வெளியே போகிறவனுக்குப் பென்ஷனும் கிடையாது. முனகல் முன்னைவிடப் பலமாகக் கேட்டது. குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்ற வந்த பெண்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள்.

அப்போதுதான் தாளாளர் செபஸ்தியான் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கல்லூரியின் பொன்விழா வருகிறது, மேடையில் கோப்பை வேண்டும் என்றார். வழி சுலபம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டாம் பூசை நடக்கிற நேரத்தில் மைதானத்தில் ஈ காக்கை இருக்காது. மேய்கிற ஆடு ஒன்று வந்து பந்தை முட்டினால் அது யார் குற்றமும் இல்லை. வெளிப்பொருள் தொட்டதால் பெனால்டி திரும்ப அடிக்க வேண்டும். இப்போதைய அணியில் காலில் இடி வைத்திருக்கிற பையன்கள் இருக்கிறார்கள், மாசானமுத்துவுக்கோ இடது முட்டி வீங்கியிருக்கிறது. கோல் விழுந்த அன்றே நிரந்தர உத்தரவு, அதுவும் முன்தேதியிட்டு. லிகோரி வீட்டுக்கு வந்து சொன்னார். பிரகாசி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, ஊருக்கெல்லாம் வேலை வாங்கிக் கொடுத்தீரு, நாளைக்கு ஒமக்கு ஒண்ணு ஆனா நான் யாரு வாசல்ல போய் நிக்கணும் என்று கேட்டாள். தண்ணீரை மாற்றிவிட்டு, ஆடு எங்க அக்கா வீட்டுல நிக்கி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு யாரும் போவதில்லை. முதல் பூசைக்குப் போகாதவர்கள் எல்லாம் இரண்டாம் பூசைக்குப் போனார்கள், கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு தொடங்கியது, கடற்கரையில் நாய்கூட இல்லை. லிகோரி வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு தென்னைகளுக்கு நடுவே வந்தார். அது வர மறுத்தது. முனகல் கேட்கத் தொடங்கிய இடத்தில் காலை ஊன்றிக்கொண்டு நின்றது. அவர் தன் இடுப்பில் கயிற்றைச் சுற்றி இழுத்தார்.

மாசானமுத்து செங்குளத்துக்காரன், பூசைக்குப் போகிறவன் அல்ல. கோல்கோட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆட்டையும் கோச்சையும் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

“என்ன அண்ணாச்சி, பூசைக்குப் போகலையா?”

“இல்லடே. ஆடு மேய்க்க வந்தேன்.”

“ஆடு மேய்ஞ்ச மாதிரி தெரியலையே. உங்கள மேய்க்கி.”

லிகோரி கயிற்றை மறுபடி இழுத்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. பந்துக்கும் ஆட்டுக்கும் நடுவே இன்னும் பத்தடி இருந்தது.

மாசானமுத்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “கயித்த விட்டுருங்க அண்ணாச்சி, அதுவா போவும். நான் அங்கிட்டுத் திரும்பிக்கிடுதேன். ஆடு வந்தது எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருதேன்.”

“ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?”

“எனக்கென்ன. நான் ஜெயிச்சாலும் தோத்தாலும் எனக்குப் பென்ஷன் உண்டு. ஒங்க வீட்டுக் கஞ்சியத் தின்னுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பந்தப் புடிக்க?”

லிகோரிக்குக் கோபம் வந்தது. அவரிடம் பயிற்சி எடுத்தவன் எவனும் அதுவரை அவர் முன்னால் அந்த மாதிரி பேசியதில்லை. பந்து வரும்போது கீப்பருக்குப் பந்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது, கஞ்சியும் கிடையாது, அண்ணாச்சியும் கிடையாது, எழும்பி நில்லு என்று அதட்டினார். மாசானமுத்து சிரித்துக்கொண்டே நாற்காலியை அந்தண்டை தள்ளிவிட்டு எழுந்தான், பழக்கத்தில் முழங்காலை மடக்கி, இடது மேல்மூலைக்குத் தயாராகக் கையை விரித்தான். லிகோரி இடுப்புக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

முனகல் நின்றது.

அத்தனை வருஷமாக அந்த மைதானத்தில் நிற்காமல் கேட்ட சத்தம் நின்றதும், கோயில் பாட்டும் கடலும் திடீரென்று பக்கத்தில் வந்துவிட்டது போல் இருந்தது. ஆடு காதை மடக்கியது. லிகோரி நிமிர்ந்தார். பந்து சுழலவில்லை, தையல் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. மாசானமுத்து இடதுபக்கம் சாயத் தொடங்கியிருந்தான், அவன் எடை முழுவதும் இடது காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“வலது! தரையோட!”

அது தன் வாயிலிருந்து வந்தது என்பது லிகோரிக்குச் சொல் வெளியே போன பிறகுதான் தெரிந்தது. மாசானமுத்து ஏன் எதற்கு என்று யோசிக்கவில்லை, காலைதோறும் அந்தக் குரல் சொன்னதைச் செய்தே பழகியவன். வீங்கிய முட்டியில் ஊன்றித் திரும்பி, உடம்பு முழுவதையும் வலப்பக்கம் தரையோடு எறிந்தான். ஒரு கை தூரத்தில் திரும்பிக் கீழே இறங்கிய பந்து அவன் கைகளில் மோதி, அவனை அடித்துக்கொண்டு பின்னால் போய், கோட்டின் மேலே வந்து, நெஞ்சுக்கும் மண்ணுக்கும் நடுவே அடங்கியது. வலை அசையவில்லை.

கொஞ்ச நேரம் அவன் அப்படியே கிடந்தான். பிறகு தலையைத் தூக்கி, பந்து எங்கே இருக்கிறது, கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தான். மூச்சு வாங்கியது. பந்து சாதாரணப் பந்தாக, வெயிலில் வெடித்த தோலோடு, அவன் கைக்கு அடங்கி இருந்தது.

“அண்ணாச்சி,” என்றான் மெதுவாக. “யாரும் பாக்கல. உள்ள உருட்டி விட்டுரட்டா?”

லிகோரி வந்து அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் வலை, வலைக்குள் காய்ந்த புல். ஒரு விரல் தள்ளினால் போதும். நடுவர் சொன்னபடி இரண்டு பேரும் ஒரே சொல் சொன்னால் அது கோல். கோல் என்றால் உத்தரவு, முன்தேதி, பென்ஷன், தனக்குப் பிறகும் பிரகாசிக்கு ஒரு பிடி சோறு. கோயிலில் பாட்டு முடிந்து மணி அடித்தது. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் முடிந்திருக்கும், இன்னும் கொஞ்சத்தில் ஆட்கள் வெளியே வருவார்கள். அவர் பந்தைப் பார்த்தார், பிறகு மாசானமுத்துவின் கைகளைப் பார்த்தார். கட்டைவிரல்கள் இரண்டும் பந்துக்குப் பின்னால் சேர்ந்திருந்தன. தோளில் விழுந்திருந்தான். கண் பந்தை விட்டு நகர்ந்திருக்கவில்லை. அவன் வயதில், அந்த முட்டியோடு, திரும்பி, தரையோடு. லிகோரி தன் வாழ்நாளில் யாருக்குச் சொல்லிக்கொடுத்ததும் இவ்வளவு சுத்தமாக நடந்து பார்த்ததில்லை.

“இறுக்கிப் பிடி,” என்றார். “ஆளுங்க வருது.”

பூசை முடிந்து வந்தவர்கள் முதலில் சத்தம் இல்லாததைக் கவனித்தார்கள், பிறகு பந்து இல்லாததை, பிறகு ஆட்டை. என்ன ஆச்சு கோச்சே என்று கேட்டார்கள். பிடிச்சிட்டான் என்றார் லிகோரி. பின்னால் வந்தவர்கள் திரும்பக் கேட்டார்கள், பிடிச்சிட்டான் என்று திரும்பச் சொன்னார். மாசானமுத்து, ஆமா என்று மட்டும் சொன்னான், அவனுக்கு அழுகை வந்தது. கூட்டத்தில் ஒருவர் மண்ணை அள்ளி எறிந்தார். ஓர் அம்மா, கஞ்சி ஊத்தி வளத்தான்லா என்று பொதுவாகச் சொன்னாள். பிரகாசி கூட்டத்தின் ஓரத்தில் முக்காட்டோடு நின்று கணவரைப் பார்த்தாள். ஆட்டின் கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், அக்கா வீட்டுப் பக்கம் நடந்தாள்.

திங்கட்கிழமை போட்டி முடிந்தது என்று இரண்டு கல்லூரிக்கும் அறிவிப்பு வந்தது. தாளாளர் காலையிலேயே பணிவிடுவிப்பு உத்தரவைத் தட்டச்சு செய்யச் சொல்லி, மை காயும் முன்பே பியூன் கையில் கொடுத்து மைதானத்துக்கு அனுப்பினார். பியூன் போனபோது பையன்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் லிகோரி முழங்காலை மடக்கி, எடை இடது காலில் இருந்தபோது மாசானமுத்து எப்படித் திரும்பினான், எந்தத் தோள் முதலில் மண்ணைத் தொட்டது, கட்டைவிரல் எங்கே இருந்தது என்று காட்டிக்கொண்டிருந்தார். காட்டுவதற்காகவே இரண்டு தடவை தரையில் விழுந்து எழுந்திருந்தார், சட்டை முழுக்கச் செம்மண். பியூன் தொண்டையைச் செருமினார். லிகோரி திரும்பிப் பார்த்தார், கையில் என்ன என்று தெரிந்தது. பயிற்சி முடியட்டும் ஓய், அந்தக் கம்பத்து நிழல்ல இரும் என்றார். பிறகு கடைசியில் நின்ற பையனைக் கையைப் பிடித்து இழுத்துக் கோல்கோட்டில் நிறுத்தி, அவன் முட்டியைத் தன் காலால் தட்டி மடக்கினார்.